நகம் வைத்துப் பார்த்த காய்

சுரைக்காயில் நகத்தை அழுத்திப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குக் குமட்டும். அழுத்திப் பார்த்துவிட்டு, முற்றல் என்று போட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் அந்த இடம் கறுத்துக் கிடக்கும். அதை வேறு யாராவது வாங்கித் தின்ன வேண்டும். என் கணவரின் அண்ணன் மனைவி அப்படிப்பட்டவள். வெண்டைக்காய் என்றால் ஒவ்வொன்றின் நுனியையும் ஒடித்துப் பார்ப்பாள். ஒடித்ததை அங்கேயே போடுவாள். அவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். வேறு வழியில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. தென்காசியில் இருந்தோம். மகளுக்கு ஐந்து வயது. மகனுக்கு நான்கு நிறையவில்லை. கணவர் குமாஸ்தா. அவர் அண்ணனுக்குச் சென்னையில் பெரிய உத்தியோகம், சொந்த வீடு. பிள்ளை மட்டும் இல்லை. ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழுந்தால் போதும், இரண்டு பேரும் ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பதினைந்து நாள் இருப்பார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் வழிய அருவிக்குப் போவார்கள். பசியோடு திரும்பி வருவார்கள். ஈரத் துணியை என் அடுப்படியில் கட்டிய கொடியில் போடுவார்கள். சாரல் நாளில் எது காயும்? எண்ணெய்ச் சிக்கும் ஈர நாற்றமும் சோற்றில் ஏறும். அந்த நாற்றத்துக்குள் நின்றுதான் அவர்களுக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போட்டேன்.

அந்த வருஷம் வைகாசியிலேயே கடிதம் வந்தது. உங்கள் பிள்ளைகளில் ஒன்றை நாங்கள் எடுத்து வளர்க்கிறோம், கான்வென்டில் சேர்த்துப் படிக்க வைக்கிறோம், எது கெட்டிக்காரப் பிள்ளை என்று வந்து பார்த்துச் சொல்கிறோம் என்று எழுதியிருந்தது. கூடவே காய்கறிப் படம் போட்ட ஒரு பெரிய தாள். இந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுத்து வைக்கவும், நாங்கள் கேட்போம் என்று அக்கா தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தாள்.

என் கணவர் அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். "எட்டி, ஒரு பிள்ளைக்காவது விடிவு வருது. ஒழுங்காச் சொல்லிக்குடு" என்றார். மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எல்லாப் பேரையும் சரியாச் சொன்னா மெட்ராசுக்கு ரயில்ல போலாம், என்ன?" என்று ஆசை காட்டினார். அது அன்றைக்கே தன் பாவாடையை மடித்து ஒரு மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டது.

பிள்ளையைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. அதைச் சொல்லவும் எனக்கு வாய் இல்லை. சரி, சொல்லிக்கொடுக்காமலாவது இருந்திருக்கலாம். இரண்டும் மக்குகள் என்று அவர்களே போயிருப்பார்கள். ஆனால் போன வருஷம் வந்தபோது அக்கா என் மகளைப் பார்த்து, "இதுக்குப் பேச வருமா, வராதா?" என்று கேட்டிருந்தாள். அது என் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. என் பிள்ளையை மக்கு என்று அவள் சொல்லிவிடக்கூடாது. அந்த வீம்பில், பறிகொடுக்கப் போகிற பிள்ளையை நானே தயார் செய்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

தாளில் இருந்ததில் பாதி எங்கள் அடுப்படிக்குள் வராத காய். அதனால் கையில் இருந்ததை வைத்து ஆரம்பித்தேன். அரிவாள்மணை முன்னால் இரண்டையும் உட்கார வைப்பேன். பீர்க்கங்காயின் வரிவரியான தோலைத் தடவச் சொல்வேன். கொத்தவரங்காயை முகர்ந்து பார்க்கச் சொல்வேன். கொல்லைப் பந்தலில் புடலங்காய் தொங்கியது. அதன் நுனியில் கல்லைக் கட்டியிருந்தேன்.

"கல்லு எதுக்கும்மா?" என்றாள் மகள்.

"நேரா வளரணும்லா. இல்லன்னா சுருண்டுக்கிடும்."

"அதுக்கு நோவாதா?"

"காய்க்கு என்னட்டி நோவு? பேரச் சொல்லு."

அவள் மளமளவென்று பிடித்துக்கொண்டாள். மகன் எதைக் காட்டினாலும் காய் என்பான், காட்டினதைக் கடிப்பான். அவனை விட்டுவிட்டேன். அவளைத்தான் பிடித்துக்கொண்டேன். நாட்டுக்காய் முடிந்ததும் படத்தில் இருந்த சீமைக்காய்கள். பார்க்காத காயை எப்படிப் பழக்குவது? முள்ளங்கிக்குச் சாயம் பூசின மாதிரி இருந்த கேரட்டை அவள் முள்ளங்கி என்றாள். திருத்தினேன். மறுபடியும் முள்ளங்கி என்றாள். மூன்றாம் தடவை கையிலிருந்த கரண்டிக் காம்பால் தொடையில் ஓங்கி அடித்தேன். பிள்ளை அழக்கூட இல்லை. "கேரட்டு, கேரட்டு" என்று படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தது.

அவர்கள் வந்து மூன்றாம் நாள். அருவிக்குப் போனவர்கள் திரும்பும்போது, சீசனுக்காக வந்து இறங்கியிருந்த சீமைக்காய்களை ஒரு பை நிறைய வாங்கி வந்தார்கள். அக்கா பெரிய தாம்பாளத்தில் எல்லாவற்றையும் பரப்பினாள். என் வீட்டில் இருந்த வெண்டை, சுரை, கத்தரியையும் கேட்டு வாங்கி வைத்தாள். வைக்கும்போதே சுரைக்காயில் நகம் இறங்கியது. பிறகு அதே கையால் என் மகளை இழுத்தாள்.

"வாயத் தொற பாப்போம். பல்லு வரிசையாத்தான் இருக்கு. திரும்பு. நெறந்தான் கொஞ்சம் மட்டு."

மேல்கையைக் கிள்ளிப் பார்த்தாள். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் புருஷன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.

"இது என்னம்மா?"

"பீட்ரூட்டு."

"இது?"

"நூல்கோல்."

"அடேங்கப்பா! இது?"

"காலிபிளவர். பூவத்தான் திங்கணும். எலய ஆஞ்சிரணும்."

ஒன்று தப்பவில்லை. கேரட்டைக் காட்டியபோது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். என் கணவருக்கு முகமெல்லாம் பல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு மகனைக் கூப்பிட்டார்கள். "இது என்னலே?"

"காய்."

"இது?"

"அதுவுங் காய்."

"அப்ப எல்லாமே காயால?"

"ஆமா பெரியப்பா. நீங்க திம்பியளா?" என்று ஒரு வெண்டைக்காயை அவர் வாய்க்கு நேரே நீட்டிவிட்டு, அதைத் தானே கடித்தான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அத்தான் சொன்னார்:

"சரி, பையனையே கூட்டிட்டுப் போயிருதோம்."

என் கணவருக்கே விளங்கவில்லை. "அவன் ஒண்ணுமே சொல்லலயே அண்ணே. அவதான எல்லாம்..."

"பொட்டப் பிள்ளய வளத்து எவன் வீட்டுக்கோ அனுப்பவா? பையன்னா நாளைக்குக் கொள்ளி வைப்பான்லா. காய் பேரு என்ன பெரிய வித்தை, அங்கன சமையக்காரி சொல்லிக்குடுப்பா."

ஆக, கடிதம் எழுதும்போதே முடிவு செய்துவிட்டார்கள். பரீட்சை, சாரல் நாளில் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. ஒரு மாதமாக நான் பிள்ளையை வதைத்தது, இவர்கள் காப்பி குடித்துக்கொண்டே சிரிப்பதற்கு.

மகள் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "பெரியப்பா, நாந்தான எல்லாம் சொன்னேன்?"

"நல்லாச் சொன்னட்டி. கெட்டிக்காரி. இந்தா" என்று தாம்பாளத்திலிருந்து ஒரு கேரட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

நான் போய்த் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தேன். மதியத்துக்கு அவியல் வேண்டும் என்று அத்தான் சொல்லியிருந்தார். எங்கள் வீடுகளில் அவியலுக்கென்று காய்கள் உண்டு. வாழைக்காய், சேனை, முருங்கை, கத்தரி இப்படி. சீமைக்காயை யாரும் அதில் சேர்க்கமாட்டார்கள். நான் சேர்த்தேன். பீட்ரூட், நூல்கோல், காலிபிளவர், நகக்குறி பட்ட சுரைக்காய், நுனி ஒடிந்த வெண்டை, எல்லாவற்றையும் ஒரே அளவாக நறுக்கிப் பானையில் தள்ளினேன். தேங்காயும் தயிரும் விட்டதும் பானை முழுக்க ரத்தச் சிவப்பு.

அக்கா வாசனை பிடித்து வந்து எட்டிப் பார்த்தாள். "ஐயய்யோ, பீட்ரூட்டப் போயி யாரும் அவியல்ல போடுவாங்களா? காலிபிளவர ஊருக்குக் கொண்டு போலாம்னுல்லா வாங்குனேன்!"

"எல்லாம் போட்டாச்சுக்கா. கொண்டு போக ஒண்ணுமில்ல. பிள்ளைய ரெண்டும் இங்கனதான் கெடக்கும்."

"என்ன சொல்லுத நீ?"

"நகத்த வச்சுப் பாத்தாச்சுல்லா? வேற கடயப் பாருங்க."

வீடே கேட்கும்படி சொன்னேன். என் கணவர் ஓடி வந்து கையை ஓங்கினார். கையில் அரிவாள்மணையோடு நான் நின்ற விதத்தைப் பார்த்து இறக்கிக்கொண்டார். அவர்கள் சாப்பிடாமல் கிளம்பினார்கள். அடுத்த சீசனுக்கு வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. கணவர் ஆடி முழுக்க என்னோடு பேசவில்லை. பேசாதது நிம்மதியாகத்தான் இருந்தது.

இதோடு நிறுத்தினால் நான் பெரிய வீராங்கனை மாதிரி ஆகிவிடும். அப்படி இல்லை.

அன்றைக்குச் சாயந்தரம் மகளுக்கு வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டினேன். மகன் சிவப்புச் சோற்றை வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். இவள் ஒரு பருக்கை தொடவில்லை. மஞ்சள் பை ஆணியில் அப்படியே தொங்கியது.

"நான் எதும்மா தப்பாச் சொன்னேன்?" என்றாள்.

"நீ ஒண்ணும் தப்பாச் சொல்லலட்டி. எல்லாம் சரியாத்தான் சொன்னே."

அவள் தொடையைப் பார்த்தாள். கரண்டிக் காம்பு பட்ட இடம் இன்னும் கறுத்துத்தான் இருந்தது.

"அப்ப ஏம்மா அடிச்ச?"

நான் தண்ணீரை மொண்டு அவள் தலையில் ஊற்றினேன். கேள்வியை நிறுத்துவதற்காக வேகவேகமாக ஊற்றினேன்.