கரண்ட் வந்த பிறகு

எங்கள் வீட்டில் கடல்மீனும் பவளமும் வளர்த்தோம். தொட்டித் தண்ணீரில் நைட்ரேட் சேராமலிருக்க, பாக்டீரியா வளரும் மணிகள் நிறைந்த பயோபெல்லட் ரியாக்டரை மாட்டியிருந்தேன். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்திய அன்று, தொட்டிக்கு மட்டும் இன்வெர்ட்டர் கொடுத்தேன். ரியாக்டரை மறந்தேன். ஓட்டமில்லாமல் அதற்குள் தண்ணீர் அழுகியிருக்கிறது.

சங்கரன்கோவிலில் கரண்ட் வந்ததை விசைத்தறிச் சத்தம்தான் சொல்லும். சாயங்காலம் அது கேட்டதும் நிம்மதியானேன்.

"ஏங்க, அழுகின முட்டை நாத்தம் அடிக்கி! மீனெல்லாம் மேல வந்து தவிக்கி!" என்று மனைவி கத்தினாள்.

ரியாக்டர் மறுபடி ஓடி, அழுகல் முழுவதையும் தொட்டியில் கொட்டியிருந்தது. மீன்கள் செத்தன, பவளங்களும் வெளுத்துப் போயின.

கரண்ட் போனால் முதலில் ரியாக்டர் பிளக்கைப் பிடுங்குங்கள். மணிகளைக் கழுவாமல் திரும்ப மாட்டாதீர்கள். நானும் இப்போது தறிச் சத்தம் நின்றதும் பிளக்கைப் பிடுங்க ஓடுகிறேன். காலித் தொட்டி முன்னால் போய் நிற்கிறேன்.