சூடு இல்லாத பல்பு விற்றேன்

எரியாத பல்பை விற்றவனைக்கூட மன்னிப்பார்கள். எரிந்தும் சுடாத பல்பை விற்றவனைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். பொருள் விற்று நொந்த அன்பர்களே, உங்களுக்கு இது புரியும். எல்.இ.டி. புதிதாக வந்த காலத்தில் ஹைதராபாத் பக்கம் திருமுல்கேரியில் ஒரு எலெக்ட்ரிகல் கடையில் விற்பனைக்குச் சேர்ந்தேன். "பொங்கலுக்குள்ள ஒரு பெரிய ஆர்டர் பிடி, இல்லேன்னா ஊருக்குக் கிளம்பு" என்று முதலாளி சொல்லிவிட்டார். ஊரில் எனக்கு எந்த வேலையும் காத்திருக்கவில்லை. பயமாகத்தான் இருந்தது.

ஒன்பதும் அறுபதும்

ஐ.டி. இளைஞர் ஒருவர் அறுபது வாட் பல்பு கேட்டார். ஒன்பது வாட் எல்.இ.டி.யை நீட்டினேன். வாட் என்பது பல்பு தின்கிற மின்சாரம், தருகிற வெளிச்சம் அல்ல என்று சொல்லி, இரண்டையும் எரியவிட்டும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நான் சாஃப்ட்வேர்ல இருக்கேன் பாஸ். ஒன்பது அறுபதைவிடச் சின்னதுன்னு எனக்குத் தெரியும்."

கைக்கு

மௌலா அலியில் ஒரு ரயில்வே பெரியவர். பிறந்ததே ஹைதராபாத்தில், தமிழில் பாதி இந்தி. எரிகிற பல்பைத் தொட்டுப் பார்த்து, "கைக்கு சூடு இல்ல?" என்றார். "கைக்கு மட்டுமா சார், எதுக்குமே சூடு இருக்காது!" என்றேன் பெருமையாக. திரும்பவும் கேட்டார், திரும்பவும் அதையே சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"அரே, இங்க கைக்குன்னா ஏன்னு அர்த்தம்பா! ஏன் சூடு இல்லேன்னுதானே கேக்கறேன்!"

மாவு

லோத்குண்டாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மாடிப்படி விளக்குகள் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். முதலாளி கேட்ட பெரிய ஆர்டர். சங்கச் செயலாளர் கோயம்புத்தூர்க்காரர். குண்டு பல்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சினால்தான் வெளிச்சம், மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போய்விடும், எல்.இ.டி.யில் சின்னச் சில்லு ஒன்று மின்சாரத்தை நேரே வெளிச்சமாக்குகிறது, சீக்கிரம் போகாது என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். முதலில் தன் வீட்டில் மாற்றிப் பார்ப்போம் என்றார். ஒன்று விடாமல் மாற்றிக் கொடுத்தேன்.

மறுநாளே போன். குரல் சரியில்லை. அடித்துப் பிடித்து ஓடினேன். அவர் மனைவி மாவுப் பாத்திரத்தோடு நின்றார். மார்கழிக் குளிரில் இட்லி மாவு புளிப்பதற்காக அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, பக்கத்தில் பாத்திரத்தை வைப்பாராம். அதையும் மாற்றித் தொலைத்திருக்கிறேன்! மாவு அசையக்கூட இல்லை. வேலை போச்சு என்றே நினைத்தேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"படிக்கட்டுக்கெல்லாம் உங்க பல்பே போட்டுக்குங்க தம்பி. எம்பட மாவுக்கு மட்டும் அந்தக் குண்டு பல்பைக் கொண்டாந்து மாட்டிருங்க."

சூடே வராது என்று ஊரெல்லாம் பெருமையடித்தவனின் வேலையைக் காப்பாற்றியது, நன்றாகச் சுடுகிற ஒரு பழைய பல்புதான்.