இடது பக்கம் கேட்டது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. ஐந்தாம் படிவத்தோடு படிப்பு முடிந்தது, அதற்குப் பிறகு நான் தமிழில் எழுதியதெல்லாம் மொய்க் கவரில் பெயர் மட்டும்தான். ஈப்போவில் லோரி டயர் கடையில் வேலை செய்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நான் வந்து உட்காருவது தப்பு என்று தெரியும், ஆனால் ஒருத்தரிடம் வாயால் சொல்ல வேண்டியதை வாயால் சொல்ல முடியாமல் போனதால் எழுதுகிறேன். பேய், ஆவி, அருள் வருவது எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. ரப்பர் தோட்டத்தில் குடியிருந்த காலத்தில் மற்றவர்கள் பயந்து ஒதுங்கிப் போகிற மரத்தடியில்தான் நான் மோட்டார் சைக்கிளை நிறுத்துவேன், நிழல் நன்றாக இருக்கும் என்று.

தேவன் என் கூட்டாளி. கம்பெனி தோட்டத்தை விற்ற பிறகு கோலா கங்சார் போகிற பழைய ரோட்டில் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்று அவனுக்குக் கிடைத்தது. ஏர்கோன் மாட்டுகிற வேலை. அவனுக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது, அது ஹெட்போன். சாதாரண ஹெட்போன் இல்லை. பிளேனார் மேக்னெட்டிக் என்று சொல்வார்கள், உள்ளே சின்ன ஸ்பீக்கருக்குப் பதிலாக வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய ஒரு படலம், அதன் மேல் கம்பிக் கோடுகள், பக்கத்தில் வரிசையாகக் காந்தம். கையில் வாங்கினால் கனக்கும். அதைப் போனில் நேராகச் செருகினால் பக்கத்து வீட்டில் யாரோ பாடுகிற மாதிரிதான் கேட்கும், சத்தத்தை முழுசாக வைத்தாலும் உயிர் இருக்காது. அதற்குக் கரண்டு வேண்டும், நல்ல ஆம்ப்ளிஃபையர் வேண்டும். தேவன் ஒரு டியூப் ஆம்ப்ளிஃபையரை இரவல் வாங்கிப் பார்த்தான், குரல் தேன் மாதிரி வந்தது, மிருதங்கம் மட்டும் நனைந்த அட்டைப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருந்தது. கடைசியில் நான் வாங்கிய கறுப்புப் பெட்டிதான் அதற்குப் பொருந்தியது. அவனிடம் ஹெட்போன், என்னிடம் ஆம்ப்ளிஃபையர். இரண்டையும் ஒருத்தனே வாங்குகிற வசதி எங்கள் இரண்டு பேருக்குமே இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைத் துணியில் சுற்றி மோட்டாரில் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவேன், மாற்றி மாற்றிக் கேட்போம்.

இப்போது வெட்கத்தை விட்டு ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இடது காது கேட்காது. கொஞ்சம்கூடக் கேட்காது. சிம்பாங் பூலாய் பக்கம் கல்லுமலையில் வெடி வைக்கிற இடத்தில் வேலை செய்தபோது போனது. வேலை போய்விடும் என்று அப்போது மறைத்தேன், பிறகு சொல்ல நாக்கு வரவில்லை. செவிடன் என்று ஒரு தடவை பெயர் வந்தால் நம் ஆட்களிடம் அது சாகிற வரைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரிக்கே தெரியாது, கவனமில்லாத மனுஷன் என்று திட்டுவாள், அது எவ்வளவோ தேவலை. தேவனிடமும் சொல்லவில்லை. "வயலின் எந்தப் பக்கம் நிக்குது மச்சான்?" என்று கேட்பான். நான் அவன் கண்ணைப் பார்ப்பேன், கண் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்தைச் சொல்லிவிடுவேன். "மச்சான் காது தங்கம்" என்று தன் மனைவி சரோவிடம் பெருமையாகச் சொல்வான்.

போன வருஷம் மழைக்காலத்தில் தேவன் போய்விட்டான். வேலை இடத்தில் ஏணியில் இருந்து இறங்கி, தண்ணீர் கேட்டானாம், அப்படியே உட்கார்ந்தவன்தான். அன்று காலை ஹெட்போனுக்குப் புதுக் காது மெத்தை வாங்கியதற்காகச் சரோ சண்டை போட்டிருக்கிறது. அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போயிருக்கிறான். அவனை எடுத்த பிறகு எட்டு நாளும் அந்தப் பிள்ளை சரோ வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. "சாப்பிடாம போயிட்டாருண்ணே. கோவத்துல போயிட்டாரு."

எட்டாம் நாள் படையலுக்கு என்னை ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவரச் சொன்னது. போனவருக்குப் பிடித்ததெல்லாம் வைக்க வேண்டும் இல்லையா. சாயந்திரம் போனேன். படத்துக்கு முன்னால் பெரிய வாழை இலை, சோறு, கோழிப் பிரட்டல், நெத்திலி சம்பல், அப்பளம், ஒரு பாக்கெட் சிகரெட். இலைக்குப் பக்கத்தில் ஹெட்போன். தேவனுடைய அக்கா அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"என்னடி இது, சோத்துப் பக்கத்துல கரண்டு சாமான்?"

"ஞாயித்துக்கிழமைன்னா அவருக்கு இது வேணும் அண்ணி."

"இத மாட்டிக்கிட்டான்னா நாம அழுவுறதுகூட அவனுக்குக் கேக்காதுலா."

அழுதுகொண்டே நாலு பேர் சிரித்தார்கள். அந்த வகை ஹெட்போன் பின்பக்கம் திறந்துதான் இருக்கும், மாட்டிக்கொண்டாலும் வெளிச்சத்தம் நன்றாகவே கேட்கும் என்று சொல்ல வந்தேன், வெட்கத்தில் சொல்லவில்லை. பாட்டு ஒன்று போடலாமா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். "துக்க வீட்டுல பாட்டா?" என்று அக்கா பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். அதனால் போன் எதையும் இணைக்கவில்லை, பெட்டியும் ஹெட்போனும் மட்டும்தான். சரோதான் சொன்னது, "ஆன் பண்ணியாச்சும் வைங்கண்ணே, வெளக்கு எரியட்டும்." ஆன் செய்தேன். சின்ன விளக்கு எரிந்தது.

சாம்பிராணி போட்டு, கும்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட்டோம். போனவர் வந்து சாப்பிடுகிற நேரம் அது, உள்ளே யாரும் இருக்கக் கூடாது. தூரத்தில் சூராவில், அந்தச் சின்னப் பள்ளிவாசலில், தொழுகைக்கு அழைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார். எல்லாருக்கும் முன்னால் சரோ உள்ளே ஓடியது. தண்ணீர் குறைந்திருக்கிறதா, சோறு கலைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தது. எதுவும் இல்லை. வைத்தது வைத்தபடி. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணே, நீங்க அத மாட்டிப் பாருங்க" என்றது. "ஒங்க காதுதான் தங்கம்னு சொல்வாரு."

அத்தனை பேர் முன்னால். மறுத்தால் மனசு உடைந்துவிடும் என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து எடுத்து மாட்டினேன். வலது காதில் வீட்டுச் சத்தம், யாரோ மூக்குறிஞ்சுவது, குழந்தை சிணுங்குவது, அவ்வளவுதான். இடது காதில் அப்பளம் நொறுங்கியது.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போகட்டும். எத்தனையோ வருஷமாகச் செத்துக்கிடந்த காதில், முழு அப்பளத்தைச் சோற்றின் மேல் வைத்து உள்ளங்கையால் அமுக்கினால் வருமே, அந்தச் சத்தம். தேவன் அப்படித்தான் சாப்பிடுவான், முதல் வாய்க்கு முன்னால் அப்பளத்தை ஒரே அமுக்காக அமுக்குவான். பிறகு பிசைகிற சத்தம், இலையில் விரல் வழிக்கிற சத்தம், அவசரமே இல்லாமல் மெல்லுகிற சத்தம். நான் குனிந்து இலையைப் பார்க்கிறேன், அப்பளம் முழுசாக இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் எங்கேயாவது ரேடியோவை இழுத்திருக்கும் என்று சொல்வீர்கள், நானும் அதை யோசித்தேன். ரேடியோ வந்தால் வலது பக்கமும் வராதா? அப்படியே இடது பக்கம் மட்டும் வந்தாலும், அதைக் கேட்க எனக்குக் காது ஏது? கடைசியில் விரலைச் சப்புகிற சத்தம். பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவன் குரல் கேட்டது.

"இப்ப கேக்குதா மச்சான்?"

கை தானாக இடது காதுக்குப் போய்விட்டது. ஹெட்போன் நழுவி மடியில் விழுந்தது. அக்கா சட்டென்று எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தார்.

"ஒன்னும் இல்லியே. ஒனக்கு என்ன கேட்டுச்சு? முகமெல்லாம் வெளுத்துப் போச்சு!"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் வீட்டுக்காரியும் அங்கேதான் நின்றாள். சரோ இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றது. தேவன் சாப்பிட்டான், நிதானமாகச் சாப்பிட்டான், கோபமெல்லாம் இல்லை என்று சொன்னால் போதும். ஆனால் அக்கா காதுக்குக் கேட்காதது என் காதுக்கு மட்டும் எப்படிக் கேட்டது என்று கேட்பார்களே. நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அந்தச் செத்த காதுதான். அதைச் சொன்னால் அத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமையும் நான் அவனை ஏமாற்றினேன் என்று அவன் படத்துக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும்.

"ஒன்னும் இல்ல தங்கச்சி" என்றேன். "பெட்டி இரையுது, அவ்வளவுதான்."

சரோ கையைக் கீழே இறக்கியது. "இன்னும் கோவம் போகலபோல" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு இலையை மடிக்கப் போய்விட்டது. சாப்பாடு போட்டார்கள், உட்கார்ந்து சாப்பிட்டேன், அதுவும் வெட்கம்தான். கிளம்புகிற அவசரத்தில் பெட்டியைக்கூட எடுக்கவில்லை.

முன்பெல்லாம் நல்ல காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு படுத்தால் எனக்கு உலகமே இருக்காது, நிம்மதியாகத் தூங்குவேன். இப்போது அப்படிப் படுப்பதில்லை. இடது பக்கம் அமைதியாக இருக்கும்போதெல்லாம், ஒருத்தர் பேசாமல் உட்கார்ந்து என் பதிலுக்காகக் காத்திருக்கிற மாதிரி இருக்கிறது. அவன் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "இப்ப" என்று கேட்டானே, அப்படியென்றால் முன்பு கேட்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

படையலுக்கு மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போனேன். லோரிக்கு டயர் கழற்றிக்கொண்டிருந்தபோது சரோ கடைக்கு வந்திருக்கிறது. கூட வேலை செய்கிற பாபு பிறகுதான் சொன்னான். "ஏண்ணே, அந்தக்கா ஒங்க லெப்ட் சைடுல நின்னு எத்தன தரம் கூப்பிட்டாங்க, திரும்பிக்கூடப் பாக்கலியே, ஏதும் சண்டையா?" மேசை மேல் சரோ வைத்துவிட்டுப் போன பை இருந்தது. உள்ளே என் ஆம்ப்ளிஃபையரும் இருந்தது, தேவனுடைய ஹெட்போனும் இருந்தது.