மண்ணுக்குள் போன ரைஃபிள்

கடையில் எந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் வெல்டா ஹெண்டர்ஷாட் முதலில் விலை கேட்க மாட்டாள். "இதுக்குத் தோட்டா எங்க ஓடைப் பக்கம் யார் வீட்டுல இருக்கு?" என்றுதான் கேட்பாள். கடைக்காரர் தலையைச் சொறிந்தால் துப்பாக்கி இருந்த இடத்துக்கே திரும்பிப் போய்விடும். பாதை அடைபட்டுப் பனி ஜன்னல்வரை ஏறிக் கிடக்கும் நாளில், அக்கம்பக்கத்தில் கைமாற்றாக நாலு தோட்டா வாங்க முடியாத துப்பாக்கி அவளைப் பொறுத்தவரை விலை கூடின உலக்கை.

அவள் கணவன் ஆர்லனுக்கு நேர்மாறான புத்தி. இந்த வருடம் நாடே கவிழ்ந்துவிடும் என்று ரேடியோவில் எவனாவது சொன்னால் போதும், வீட்டுக்கு ஒரு பார்சல் வந்து இறங்கும். விஷப்புகைக்கு என்று வாங்கிய முகமூடிகளின் பெட்டியில் இப்போது கோழிகள் முட்டையிடுகின்றன. ஆனாலும் அந்த வீட்டில் துப்பாக்கிகள் மூன்றைத் தாண்டியதில்லை. முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் ஒரு சின்னத் துப்பாக்கி, வீட்டைச் சுற்றிக் காவலுக்கு ஓர் இரட்டைக்குழல், இலையுதிர் காலத்து எல்க் மானுக்கு ஒரு ரைஃபிள். மூன்றும் வெல்டா தேர்ந்தெடுத்தவை.

அமெரிக்காவின் ஐடஹோ மலைக்குள் ஒரு மரவெட்டி முகாமில் பிறந்தவள் அவள். அம்மா அங்கே சமையற்காரி. வெல்டா சிறுமியாக இருந்தபோது பனிச்சரிவு பாதையை மூடி, முகாம் முழுவதும் பனி உருகும்வரை ஓட்ஸ் கஞ்சி குடித்தே கிடந்தது. இன்றைக்கும் ஓட்ஸ் வாசனை பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் நிலவறையில் ஒரு மூட்டை ஓட்ஸ் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. பிறகு அதே மலைப்பாதையில் பல வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். பின்னால் பிள்ளைகள் கத்தினால் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள். பேருந்து அடங்கிவிடும்.

பார்வையில் அடங்காத ஒரே ஆள் அவள் மகள் கொரீன். பாய்ஸி நகரத்து மருத்துவமனையில் நர்ஸ். ஆர்லனின் முழங்காலில் அறுவை நடந்ததிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சுதான்.

"வித்துட்டு வந்துடுங்கம்மா. அப்பாவால விறகு பிளக்க முடியாது. நடுக்குளிர்ல கரன்ட் போனா என்ன செய்வீங்க?"

"போனா போகட்டும். கரன்ட் எப்ப வந்துச்சு, நான் எப்பப் பிறந்தேன்?"

"பேசிப் பேசியே ஆளை அடிக்கிற. செஞ்சு காட்டு, பார்க்கலாம்."

வெல்டா காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தான். "ஜனவரியில லீவு போட்டுட்டு வா. ஞாயித்துக்கிழமை மெயின் சுவிட்சை நீயே இறக்கு. போனையும் வண்டிச் சாவியையும் நீயே வச்சுக்கோ. அடுத்த ஞாயிறுவரை தாக்குப் பிடிச்சா, விக்கிற பேச்சே கூடாது. முடியலைன்னா நானே மூட்டை கட்டுறேன்."

"பக்கத்துல ராய்ஸ் வீட்டுல போய்க் கை நீட்டுறதும் கூடாது."

"அக்கம்பக்கம் இல்லாம மலையில எவன் பிழைச்சான்?" என்று முணுமுணுத்தாலும் வெல்டா ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்ட பிறகு ஆர்லன் வெளியே போய் விறகு அடுக்கை ஒரு தடவை எண்ணிவிட்டு வந்தான். அந்த வீட்டை அவன் தன் கையால் கட்டியவன்.

சொன்னபடி கொரீன் வந்தாள், சுவிட்சை இறக்கினாள். முதல் நாட்கள் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோலப் போயின. விறகு அடுப்பு அணையவே இல்லை. நிலவறையில் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நின்றன: எல்க் இறைச்சி, பீன்ஸ், பீச் பழம். எல்லாம் வெல்டா ஜாடியில் அடைத்து, கெடாமலிருக்க ஜாடியோடு பெரிய குக்கரில் வேகவைத்தவை. தினமும் எதைச் சாப்பிடுகிறோமோ அதையே சேர்த்துவை, பழையதை முதலில் எடு. இதற்கு மேல் அவளிடம் ரகசியம் எதுவும் கிடையாது. கோதுமையைக் கை இயந்திரத்தில் அரைக்கச் சொன்னபோது கொரீன் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு, "பாய்ஸியில பிரெட் கடை இருக்கும்மா" என்றாள்.

"இருக்கட்டும். நிறுத்தாம சுத்து."

புதன்கிழமை காலையில் பால் கறக்கப் போன வெல்டா ஆட்டுக்கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள். பனியில் வட்ட வட்டமாகத் தடம், நகம் பதியாத தடம். கொட்டகையை மூன்று பக்கமும் சுற்றி வந்து, கூரை தாழ்ந்த மூலையில் நின்றிருந்தது. மலைச்சிங்கம், பிடரி இல்லாத அந்தப் பெரிய காட்டுப்பூனை. உள்ளே இரண்டு ஆடுகளும் சுவரோடு ஒட்டி நடுங்கின. ஒரு ஆடு போனாலும் கொரீன் அதைத் தோல்வியாகத்தான் எடுத்துக்கொள்வாள். வெல்டாவே அப்படித்தான் எடுத்துக்கொள்வாள்.

"ஆர்லன், ரைஃபிளை எடு. மேட்டுல உட்கார்ந்து பார்த்துக்குவோம்."

ஆர்லன் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன, காது கேக்கலையா?"

"ரைஃபிள் வீட்டுல இல்ல."

"பின்ன எங்க இருக்கு?"

"ஊத்துக்குப் பின்னாடி. மண்ணுக்குள்ள."

எல்க் வேட்டை முடிந்த நவம்பரில், மண் உறையும் முன்பு, ரேடியோக்காரன், அரசாங்கம் வீடு வீடாகத் துப்பாக்கி பறிக்க வரப்போகிறது என்று சொல்லியிருக்கிறான். ஆர்லன் ரைஃபிளுக்குக் கிரீஸ் பூசி, தோட்டாக்களோடு தடித்த பிளாஸ்டிக் குழாயில் போட்டு, இரு பக்கமும் மூடி ஒட்டி, வலிக்கிற காலோடு தோண்டி இடுப்பளவு ஆழத்தில் புதைத்துவிட்டான். மனைவிக்குத் தெரிந்தால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை.

மூவரும் கடப்பாரையோடு போனார்கள். வெல்டா ஓங்கிக் குத்தினாள். கடப்பாரை மணி அடித்ததுபோல ஒலித்துத் திரும்பி எம்பியது. ஐடஹோ மண் ஜனவரியில் கருங்கல். ஒரு சில்லுகூடப் பெயரவில்லை.

கொரீன் பனியிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அப்பா, திருடன் வந்தா என்ன சொல்லுவ? 'தம்பி, மே மாசம் வாப்பா, மண்ணு இளகட்டும்'னா?"

"சிரி, சிரி. அடுத்த வீட்டுக்காரன் கதைன்னா நானும் சிரிப்பேன்" என்றான் ஆர்லன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "வெல்டா, உங்க அம்மா குழிக்குச் செஞ்ச மாதிரி செஞ்சா என்ன?"

அம்மா செத்தது ஒரு பிப்ரவரியில். அந்தப் பக்கத்தில் குளிர்காலத்தில் குழி வெட்டுவதென்றால், தரையில் தணலைக் கொட்டி, பாதியாக அறுத்த பீப்பாயைக் கவிழ்த்து, மண் இளகும்வரை தீயை ஊட்டிக்கொண்டே இருப்பார்கள். வெல்டா ஊற்றுப் பக்கம் பார்த்தாள். விறகுக் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். ஆர்லன் காலை நீட்டிக் கிடந்த கோடை முழுவதும் அவள் தனியாகப் பிளந்து அடுக்கிய விறகு அது.

"அத்தனை விறகையும் இந்தக் குழி தின்னுடும். ஒரு ரைஃபிளைச் சூடாக்க நான் வீட்டைக் குளிர வைக்கணுமா? அது அங்கேயே கிடக்கட்டும்."

"ராய்ஸ்கிட்ட இதே ரகம் இருக்கே" என்று கொரீன் மெல்லச் சொன்னாள். சிரிப்பு போயிருந்தது. "வேணும்னா அந்த விதியை விட்டுடலாம்மா. ஆடுங்க பாவம்."

"உன் விதி உன்கிட்டயே இருக்கட்டும். சிங்கத்தைத் தேடிப் போனாத்தான் ரைஃபிள் வேணும். நான் எங்கயும் போகல. ஆட்டை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வாங்க."

சமையலறைக்குப் பின்னால், சேற்றுக் காலணிகளைக் கழற்றும் சின்ன அறையில் ஆடுகள் குடியேறின. வந்த வேகத்தில் ஒன்று கொரீனின் நகரத்துக் கையுறையைத் தின்றது. இன்னொன்று அவள் படுக்கைப் பக்கம் தலையை நீட்டி விடாமல் கத்தியது. "மருத்துவமனையில நைட் டியூட்டியே தேவலாம்" என்றாள் கொரீன்.

மறுநாள் வெளிச்சம் மங்கும் நேரத்தில் அது வந்தது. காலியான கொட்டகையை முகர்ந்துவிட்டு, வாசனையைப் பிடித்துக்கொண்டு பின்வாசலை நோக்கி நடந்தது. மண்ணிறம், நீண்ட வால், அவசரமே இல்லாத நடை. வெல்டா கதவைத் திறந்து இரட்டைக்குழலைத் தோளில் வைத்தாள். விரல் மட்டும் விசையைத் தொடாமல் வெளியே நீட்டியபடியே இருந்தது.

"சுடும்மா!"

"பின்னாடி என்ன நிக்குதுன்னு பாரு."

கொரீன் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, என் கார்!"

வெல்டா பக்கவாட்டில் நகர்ந்தாள். காரும் கொட்டகையும் விலகி, சிங்கத்துக்குப் பின்னால் வெறும் பனிமேடு மட்டும் நின்றது. அதற்குப் பிறகுதான் விரல் உள்ளே போனது. வெடித்த சத்தத்தில் ஜாடிகள் கிணுகிணுத்தன. சிங்கத்தின் முகத்துக்கு முன்னால் பனி பூவாகச் சிதறியது. அது காற்றில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வந்த கம்பீரம் எதுவும் இல்லாமல் மலையேறி ஓடியது.

"குறி தப்பிடுச்சா?" என்றான் உள்ளே இருந்த ஆர்லன்.

"என் குறி எப்பத் தப்பியிருக்கு? கொன்னா உரிக்கணும், அடைக்கணும், வேகவைக்கணும். என்கிட்ட காலி ஜாடி இல்ல. கிட்ட வந்தா ரெண்டாவது குழல் இருந்துச்சு."

ஞாயிறுவரை அது எட்டிப் பார்க்கவில்லை. ஆடுகளும் அந்த அறையை விட்டு அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொரீன் சுவிட்சை ஏற்றினாள். ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாவியையும் போனையும் அவள் அம்மா முன்னால் வைத்தாள்.

"பாய்ஸியில என் வீட்டுல மூணு நாளைக்குக்கூடச் சாப்பாடு இருக்காதும்மா."

"தெரியும். வண்டிக்குப் பின்னாடி ரெண்டு பெட்டி ஏத்தியிருக்கேன். ஜாடியைக் கழுவித் திருப்பிக் கொண்டு வரணும்."

மே மாதம் மண் இளகியதும் ஆர்லன் மண்வெட்டியோடு ஊற்றுக்குப் பின்னால் போனான். அடையாளத்துக்கு வைத்திருந்த மரத்துண்டைப் பனி எங்கோ தள்ளிவிட்டிருந்தது. முதல் குழியில் இல்லை, அடுத்ததிலும் இல்லை. நாலாவதில்தான் குழாய் தட்டுப்பட்டது. உள்ளே ரைஃபிள் புத்தம் புதிதாக இருந்தது. அதைத் துடைத்து வாசற்கதவுக்கு மேல் மாட்டிவிட்டு வந்தவன், குழிகளை மூட மண்ணை அள்ளினான்.

"முழுசா மூடாதே" என்றாள் வெல்டா, விதை உருளைக்கிழங்குக் கூடையை இடுப்பில் இடுக்கியபடி. "இவ்வளவு அழகா யாரு எனக்குத் தோண்டித் தருவா?"

அவன் பாதி நிரப்பிய முதல் குழியில் அவள் குனிந்து கிழங்கை வைக்கும்போது வீட்டுக்குள் போன் அடித்தது. கொரீன்தான். விற்பதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இறைச்சி ஜாடியைக் குக்கரில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று கேட்டாள்.