ஏற்காட்டில் ஈரத்துண்டு

ஈரத்துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டினால் முதலில் சோப்பு வாசனை வரும், பிறகு எங்கள் திருவொற்றியூர்க் குழாய்த் தண்ணீரின் இரும்பு வாசனை, அப்புறம் ஒன்றும் வராது; ஒன்றும் வராமல் இருப்பதற்காகத்தான் கட்டுவதே. பக்கத்து ஆலைகளிலிருந்து வெள்ளையாகப் புகை இறங்கினால் எங்கள் தெருவில் அது "கேஸு". துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக ஓட வேண்டும். என் தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் அம்மா அப்படி ஓடி, காலடிப்பேட்டை போய்த்தான் திரும்பிப் பார்த்தாளாம்.

நான் ஆறாவது படித்த வருஷம், அரைப்பரீட்சை லீவில் நாங்கள் ஏற்காடு போனோம், அதுவும் கேரவனில். நைனாவுக்கு மாதவரத்தில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையில் வேலை. ஊர் சுற்றுவதற்காக யாரோ ஒரு பணக்காரர் செய்யச் சொன்ன வண்டி அது. உள்ளே கட்டில், கைகழுவும் தொட்டி, ஒற்றை அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. மலையேறினால் எதுவும் கழல்கிறதா என்று பார்த்துவர முதலாளி நைனாவை அனுப்ப, அவர் எங்களையும் ஏற்றிக்கொண்டார். "வூடே நம்ம கூட வந்துகினு கீது, வேற இன்னா வோணும்?" என்று வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டே ஓட்டினார். அம்மாவுக்குப் பாதி வழியிலேயே வாந்தி.

ஏரியைத் தாண்டி ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரமாக வண்டியைப் போட்டோம். பகலெல்லாம் ஊரைச் சுற்றினோம், மிளகுக்கொடி பார்த்தோம், ஆரஞ்சு தின்றோம். எல்லாம் அழகுதான், ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் ஊரில் துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்களின் இரைச்சல் ஓய்வதே கிடையாது. இங்கேயோ பக்கத்தில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல அத்தனை அமைதி.

மறுநாள் காலை நைனா டீ வாங்கப் பள்ளத்துக் கடைக்குப் போயிருந்தபோது நான் திரையை விலக்கினேன். தோட்டத்தைக் காணோம். எதிரே நின்ற மரங்கள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் போய்க்கொண்டிருந்தன. "ம்மா, கேஸு" என்றேன். அம்மா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மூன்று துண்டுகளை நனைத்தாள், எங்களுக்குக் கட்டினாள், கதவைக் கொஞ்சமாகத் திறந்து மோந்து பார்த்தாள். "வாசனையே இல்லடி" என்றபோதுதான் அவள் குரல் நடுங்கியது. வாசனை இல்லாத கேஸுதான் ஆளை விடாது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள்.

காற்று மேட்டிலிருந்து வந்தது. நைனா இருந்தது பள்ளத்தில். அம்மா படியில் நின்று பள்ளத்தை ஒரு தடவை பார்த்தாள், எங்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எங்கள் கைகளைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு மேட்டில் ஏறினாள். துண்டுக்குள் அவள் அழுதது எனக்குக் கேட்டது.

வழியில் ஒரு ஜோடி சிரித்தபடி எதிரே இறங்கி வந்தது. "அங்க போவாதீங்க" என்று அம்மா கத்தினாள். வாய் கட்டிய மூன்று உருவங்களைப் பார்த்து அவர்கள் மிரண்டு, வேகமாக நடந்து, இல்லாமல் போனார்கள். இரண்டு பேர் செத்ததைப் பார்த்துவிட்டதாகவே நான் நினைத்தேன்.

அப்புறம் பின்னால் காலடிச் சத்தம். வெள்ளைக்குள்ளிருந்து நைனா வந்தார். அவர் மூக்கிலும் துண்டு. வழியில் தண்ணீர் கிடைக்காமல், வாங்கிய டீயையே ஊற்றி நனைத்திருந்தார். கூடவே ஓடிவந்த டீக்கடைக்காரர், "பனிங்க, வெறும் பனி" என்று மூச்சு வாங்கினார்.

"உன்ன வுட்டுட்டு வந்துட்டேன்யா" என்றாள் அம்மா.

"அதான் கரெக்ட்டு" என்றார் நைனா. வெயில் வரும்வரை நாங்கள் யாருமே துண்டை அவிழ்க்கவில்லை.

அந்தப் பட்டறை இன்று இல்லை, அங்கே கன்டெய்னர்களை அடுக்கியிருக்கிறார்கள். நைனாவும் இல்லை. என் மகளுக்காவது பனி பனியாகவே இருக்கட்டும் என்று துண்டு விஷயத்தை அவளுக்குச் சொல்லாமலே வளர்த்தேன். போன மார்கழியில் ஒரு காலை, எங்கள் திருவொற்றியூர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து அவள் கூப்பிட்டாள்: "ம்மா, வந்து பாரேன், எவ்ளோ அழகா கீது." புகைபோக்கிகளைக் காணோம். கடலைக் காணோம். அவள் வெள்ளைக்குள் கையை விரித்து நின்று, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். மோந்து பார்த்தேன், வாசனையே இல்லை. காற்று வரும் பக்கமாக ஓட வேண்டும் என்பதெல்லாம் மறந்து அவளை நோக்கி ஓடினேன்.

அன்று அது வெறும் பனிதான், ஒன்பது மணிக்கெல்லாம் விலகிவிட்டது. சாயங்காலம் அவளைக் குழாயடியில் நிற்கவைத்து, துண்டை எப்படி நனைத்துக் கட்டுவது என்று சொல்லிக்கொடுத்தேன்.