எண்ணூர் நங்கூரம் வரை ஒரு புரொப்பெல்லர்

டிசம்பர் மூன்றாம் வாரம். என் கணவர் அந்தோணி இரண்டாம் என்ஜினியராக வேலை பார்க்கும் நிலக்கரிக் கப்பல் எண்ணூருக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. துறைமுகத்துக்குள் இடம் கிடைத்தால் வரும், இல்லாவிட்டால் விசாகப்பட்டினத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அவர் முகத்தைப் பார்த்து ஐந்து மாதம். திருவொற்றியூர் கரையில் நின்றால் கப்பல் சோப்பு டப்பா அளவுக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? எங்களிடம்தான் 28 அடி பாய்மரப் படகு இருக்கிறதே, போய்விடலாம் என்று கிளம்பினேன்.

படகு நிற்பது காசிமேட்டில். அங்கிருந்து கப்பலுக்குப் பதினொரு கடல் மைல். பாய் இருக்கும்போது என்ஜின் எதற்கு என்று கேட்பீர்கள். மார்கழி வாடைக்காற்று நேர் எதிரே அடிக்கும், நீரோட்டமும் தெற்கே தள்ளும். பாயை மட்டும் நம்பினால் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டியே பொழுது சாய்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் முயற்சி. துணைக்கு மெக்கானிக் மாரி வந்தார். புதிதாக மாட்டிய 20 எச்.பி. டீசல் என்ஜின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்ற வேண்டியது. முழு வேகம் கொடுத்தும் இரண்டாயிரத்து நூறைத் தாண்டவில்லை. கரும்புகை. திருவொற்றியூர் தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. திரும்பினோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னாக்கா, வலை இழுக்கற போட்டோட ஃபேனை இதுல மாட்டிகினு கீறீங்க? என்ஜின் மூச்சு முட்டிகினு கீது" என்றார் மாரி. புரொப்பெல்லருக்கு இங்கே பெயர் ஃபேன்தான். பெரிய என்ஜினுக்குப் பெரிய ஃபேன் என்று புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து வாங்கியது அது!

ஒரு சுற்றில் புரொப்பெல்லர் எவ்வளவு தூரம் முன்னேறப் பார்க்கிறதோ அதுதான் பிட்ச். எங்களுடையது 16 அங்குல விட்டம், 13 பிட்ச். நான்காவது கியரில் மேம்பாலம் ஏறுகிற கதை. அந்தோணி வாட்ஸாப்பில் கணக்குப் போட்டு அனுப்பினார்: நாலு அங்குல பிட்ச் குறைய வேண்டும். அடுத்த நாலு நாளும் விட்டம், பிட்ச், கியர் விகிதம்தான். ஐந்து மாதம் பிரிந்திருக்கிற மனுஷன் அனுப்புகிற செய்தியா இது? ஆனாலும் ஒவ்வொன்றையும் மூன்று தடவை படித்தேன்.

"நாலு இஞ்ச் வளைச்சா ரெக்கை பூடும்க்கா" என்று மாரி தடுத்தார். சரி, இரண்டு அங்குலம் வளைப்போம், மீதி இரண்டுக்கு ஈடாக விட்டத்தில் ஒரு அங்குலம் சீவுவோம் என்று மூவரும் முடிவுசெய்தோம். மாரி முங்கிக் கழற்றிக் கொடுத்தார். அரிசிப் பையில் சுற்றி, தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினேன். பையைச் சோதித்தவர், "இன்னாமா இது, கோயிலுக்கா?" என்றார். பித்தளை பளபளப்பில் அப்படித் தோன்றியிருக்கும். ஆமாம், வேண்டுதல்தான் என்றேன்.

விம்கோ நகர்ப் பட்டறையில் இரண்டு நாள், 2,800 ரூபாய். திருப்பி மாட்ட முங்கிய மாரி, "ஒரே கலீஜுக்கா" என்று அழுக்குத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே எழுந்தார். அவருக்கு 1,500. டீசல் இருபது லிட்டர்.

வியாழன் விடியற்காலை செய்தி வந்தது. விசாகப்பட்டினம்தான். பத்து மணிக்கு நங்கூரம் தூக்குகிறார்கள். ஆறு மணிக்குள் கிளம்பிவிட்டோம். அலைதடுப்பைத் தாண்டியதும் பயந்துகொண்டே முழு வேகம் கொடுத்தேன். இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது! பின்னால் புகையே இல்லை. "ஷோக்கா போவுதுக்கா!" என்று மாரி கத்தினார். கொஞ்சம் குறைத்து, எதிர்நீரோட்டத்தில் நாலரை நாட், அதாவது மணிக்கு நாலரை கடல் மைல் வேகத்தில் போனோம். எட்டரைக்குக் கப்பல் மலையாக எதிரே நின்றது.

அரை கிலோமீட்டருக்கு மேல் நெருங்கக் கூடாது. பின்பக்கக் கம்பியருகே ஆரஞ்சு உடுப்பில் ஓர் ஆள். ஒற்றைக்கையை இடுப்பில் வைத்து நிற்கும் அந்த நிற்பு போதும் எனக்கு. போன் அடித்தது.

"எவ்ளோ ஆர்.பி.எம்.?"

"ரெண்டாயிரத்து எண்ணூத்தம்பது."

"பொகை?"

"இல்ல."

நாலு நாளாகப் பேசியதெல்லாம் அத்தோடு தீர்ந்துவிட்டது. "வூட்டுக்கு வாயேன்" என்றேன், சின்னப் பிள்ளை மாதிரி. "வரேன்டி" என்றார். என்ஜின் அறையிலிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: என்ஜினுக்குச் சொன்ன உச்சச் சுற்றை முழு வேகத்தில் எட்டாவிட்டால் பிட்ச் அதிகம், தாண்டிப் பறந்தால் குறைவு. ஓர் அங்குல பிட்சுக்கு ஏறத்தாழ இருநூறு சுற்று. துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்கு ரேடியோவில் சொல்லிவிட்டுப் போங்கள். உயிர்காப்பு உடுப்பு கட்டாயம். முக்கியமாக, பைனாகுலர் எடுத்துப் போங்கள். நான் மறந்துவிட்டேன். அவ்வளவு தூரம் போயும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.