புனிதவதியின் முப்பது மின்மினிகள்

புனிதவதிக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் கணினிப் பைத்தியம் பிடித்தது. புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மின்பலகைகளைச் சோதிக்கும் வேலை. நாள் முழுக்கக் கணினித் திரையைப் பார்ப்பதால், வீட்டுக்கு வந்ததும் அதன் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள். கணவன் சுகுமாரன் செகிஞ்சானில் நெல் ஏற்றும் லோரி ஓட்டுகிறவன்.

ஒரு நாள் அவன் நெல் இறக்கும் அரிசி ஆலையின் முதலாளி கிடங்கை ஒழிக்கும்போது, தன் இரண்டு மகன்களும் சிறு வயதில் விளையாடிய பழைய கணினிகளைக் குப்பையில் போடப் போனார். சுகுமாரன் கேட்டு வாங்கி லோரியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். இரண்டும் அமிகா 500. விசைப்பலகைக்குள்ளேயே மொத்தக் கணினியும் அடங்கிய அந்தக் காலத்துப் பெட்டி. நினைவகம் அரை மெகாபைட். இன்றைக்குக் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் கொள்ளாது.

பழைய பொருளை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டவள்தான், ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு விளக்கை அருகில் இழுத்துக்கொண்டாள். அதன் பலகையில் ஒவ்வொரு செம்புத் தடத்தையும் கண்ணால் பின்தொடர முடிந்தது. தொழிற்சாலையில் அவள் சோதிக்கும் பலகைகளில் அது நடக்காது.

ஆளுக்கொரு பெட்டி என்று முடிவானது. எப்படி மேம்படுத்துவது என்பதில்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. சுகுமாரனுக்கு வேகம் வேண்டும். பழைய செயலியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பல நூறு மடங்கு வேகமான புது அட்டையைத் தபாலில் வரவழைத்து மாட்டினான். நினைவகத்தையும் தாராளமாகக் கூட்டினான். புனிதவதி செயலியைத் தொடவில்லை. இயங்குதளம் எழுதப்பட்ட சில்லை மட்டும் மாற்றிப் புதிய பதிப்பைப் போட்டாள். பிளாப்பி வட்டுக்குப் பதிலாக ஒரு சிறிய நினைவட்டையை வைத்தாள்.

அவனுடைய பெட்டியில் படங்கள் சட்டென்று விரிந்தன. ஆனால் பழைய விளையாட்டுகள் தலைதெறிக்க ஓடின. கார் எங்கே போகிறதென்று தெரிவதற்குள் மோதிவிடும். அவளுடைய பெட்டியில் எல்லாம் நிதானம். கோப்புகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன, எதுவும் பாதியில் நிற்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பேச்சே இதுதான். யார் பெட்டி உசத்தி என்று முடிவாகவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அவள் நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். முதலில் எழுதியது மின்மினிகள். கம்போங் குவாந்தான் ஆற்றோர மரங்களில் அவை எல்லாம் ஒரே நேரத்தில் மின்னுவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவள். திரையில் முப்பது புள்ளிகளை வைத்தாள். ஒவ்வொன்றும் தன் போக்கில் மின்னும். பக்கத்தில் இன்னொன்று மின்னுவதைக் கண்டால், தன் அடுத்த மின்னலைத் துளி முன்னே தள்ளிக்கொள்ளும். அவ்வளவுதான் விதி. எல்லாம் சேர்ந்து மின்ன வேண்டும் என்று எந்த வரியிலும் எழுதவில்லை.

ஓடவிட்டுப் பார்த்தாள். புள்ளிகள் தாறுமாறாக மின்னின. கால்மணி நேரம் பார்த்துவிட்டு அணைத்தாள். மறுநாளும் அப்படியே.

“முப்பது பத்தாது, புனிதா. எங்கிட்ட குடு, மூவாயிரம் வச்சுப் பாப்போம்” என்றான் சுகுமாரன்.

அவன் பெட்டியில் போட்டதும் திரை உறைந்துபோனது. அவ்வளவு வேகம் இருந்தும், உள்ளே இருந்தது பழைய இயங்குதளம். கூட்டிய நினைவகம் அங்கே இருப்பதே அதற்குத் தெரியவில்லை. அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு அவள் போட்டிருந்த அதே பதிப்புச் சில்லு ஒன்றை வரவழைத்து, அவளையே மாட்டித் தரச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சன்னல் திரைகளை இழுத்துவிட்டு அவன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மூவாயிரம் புள்ளிகள், மணலை வாரி இறைத்த மாதிரி. சற்று நேரத்தில் ஒரு மூலையில் பத்துப் பதினைந்து ஒன்றாக மின்னின. அந்தத் திட்டு பெருகியது. வேறு மூலையில் இன்னொன்று கிளம்பியது. இரண்டும் சந்தித்த இடத்தில் அலை போல் ஒளி ஓடியது. பிறகு, யாரும் சொல்லாமல், திரை முழுவதும் ஒரே சமயத்தில் இருண்டு ஒரே சமயத்தில் எரிந்தது. சுகுமாரன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டான்.

“பாத்தியா? பவர் வேணும்லா” என்றான் கடைசியில்.

அவளோ, விதி ஒன்றுதானே, முப்பதுக்கு மட்டும் ஏன் நடக்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது, தன் பெட்டியில் பழைய முப்பது புள்ளிகளையே ஓடவிட்டாள். அணைக்காமல் கதவைப் பூட்டினாள்.

சாயங்காலம் அவள் வந்தபோது சுகுமாரன் முந்தி வந்திருந்தான். குளிக்கவில்லை, சட்டையில் நெல் தூசி அப்படியே இருந்தது. திரைக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். திரை இருண்டிருந்தது. அணைந்துவிட்டது என்று நினைத்தாள்.

“பொறு” என்றான்.

முப்பதும் ஒன்றாக எரிந்தன. மெல்ல அணைந்தன. அந்தப் பழைய செயலி ஒவ்வொரு புள்ளியாகக் கணக்கிட்டு முடிக்க அவ்வளவு நேரம் எடுத்தது. தூங்குகிறவர் மூச்சுவிடுவதைப் போல இருட்டு, நீண்ட இருட்டு, மறுபடியும் வெளிச்சம். ஒன்றுகூடத் தப்பவில்லை.

“இதுக்கும் தெரிஞ்சிருக்கு. நாமதான் முந்தி முந்தி அணைச்சிட்டோம்” என்றாள் அவள்.

அவன் தலையாட்டினான். அரை மெகாபைட்டில் இது எங்கே இருந்தது என்று தனக்குள் கேட்டுக்கொண்டான். அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வெளிச்சத்துக்காகக் காத்திருந்தாள்.